ஐந்து பல்லக்குகள் போகும் தெரு

சீனப் புத்தாண்டு பிறந்த இருபத்தோராம் நாள் இரவு, ஜொகூர் பாருவின் நடுப்பகுதிக்குள் வண்டி நுழைய முடியாது. மற்ற நாட்களில் இது அவசரத்தின் ஊர். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் காஸ்வேயை நோக்கி விரைகின்றன; சிங்கப்பூரில் உழைத்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகின்றன. தெரு இங்கே கடந்து போவதற்கு மட்டுமே இருக்கிறது. அந்த ஓர் இரவில் லட்சக்கணக்கானவர்கள் அதே தெருவில் நின்று காத்திருக்கிறார்கள். கடைமுன் அஞ்சடி நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைவாசல்களில் பழமும் ஊதுவத்தியும் வைத்த மேசைகள். தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பாக்கள். தூரத்தில் முரசு கேட்கிறது. அதன் பின்னால் "ஹெங் ஆ! ஹுவாட் ஆ!" என்ற முழக்கம்: செழிக்கட்டும், பெருகட்டும். பல்லக்கு முன்னே பாய்கிறது, பக்கவாட்டில் சாய்கிறது, குலுங்குகிறது. உள்ளே இருக்கும் தெய்வத்துக்கு ஊர் பார்க்கும் ஆவல் தாங்கவில்லை என்பதுபோல இருக்கும் அந்த ஆட்டம்.

இதைச் சிங்கே ஊர்வலம் என்கிறோம். ஜாலான் துருஸில் இருக்கும் பழைய சீனக் கோயிலின் திருவிழா. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக நடக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் நின்றுபோய்ப் பிறகு மீண்டது. 2012இல் மலேசிய அரசு இதை நாட்டின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. சிங்க நடனம், கடல்நாக நடனம், கட்டைக்கால் ஆட்டம், விளக்கு வைத்த அலங்கார வண்டிகள், பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக் குழுக்கள் எல்லாம் இந்த ஊர்வலத்தில் உண்டு. ஆனால் ஊர்வலத்தின் முதுகெலும்பு அந்த ஐந்து பல்லக்குகள்தான். நான் எழுத வந்ததும் அவற்றைப் பற்றித்தான்.

சிவன் கோயில் பிரம்மோற்சவத்தில் பஞ்சமூர்த்திப் புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்த எவரும் ஜொகூர் பாரு வீதியில் ஐந்து தெய்வங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருவதைப் பார்த்தால் உடனே அது தெரிந்த காட்சி என்று உணர்வார். பிள்ளையார் முன்னே, சண்டிகேசுவரர் கடைசியில்; அந்த வரிசையை யாரும் மாற்றுவதில்லை. இங்கும் வரிசை மாறாது. முதலில் ஹைனான் மக்களின் சாவ் படைத்தலைவர், வழியைத் துப்புரவாக்கிக்கொண்டு வருகிறார். அடுத்து காண்டனீஸ் மக்களின் ஹுவா குவாங், தீயின் தெய்வம், கூத்துக் கலைஞர்களின் காவலர். பிறகு ஹக்காக்களின் கான் தியான். நான்காவதாக ஹொக்கியன்களின் ஹொங் சியான். நிறைவாகத் தியோச்சூ மக்களின் யுவான் தியான், வடதிசையின் அதிபதி, கோயிலின் மூலவர். ஐந்து தெய்வம், ஐந்து மொழிக் குழு, ஒரே கோயில்.

அந்த "ஒரே கோயில்" சாதாரணமாக நேர்ந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீபகற்பத்துக்கு வந்த சீனர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத பல கூட்டங்களாக வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக் கோயில், தனிச் சுடுகாடு, தனி ரகசியச் சங்கம். 1854இல் சிங்கப்பூரில் ஹொக்கியன்களும் தியோச்சூக்களும் மோதிக்கொண்டதில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். பேராக்கில் லாருட் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சங்கங்கள் 1861இலிருந்து பல சுற்றுகளாகப் போரிட்டன. அந்தச் சண்டையைச் சாக்காக வைத்துத்தான் 1874இல் பங்கோர் ஒப்பந்தத்தோடு ஆங்கிலேயர் உள்ளே வந்தார்கள். தெருச்சண்டை ஒரு நாட்டின் ஆட்சியையே கைமாற்றிய கதை அது.

ஜொகூரில் அப்படி நடக்கவில்லை. தெமெங்கோங் இப்ராஹிம் 1844இலிருந்து ஆற்றோரக் காடுகளை அழித்து மிளகும் காம்பியரும் பயிரிடச் சீனத் தலைவர்களுக்கு உரிமைச் சீட்டு கொடுத்தார். தோல் பதனிடவும் சாயமேற்றவும் காம்பியருக்கு அப்போது ஐரோப்பாவில் நல்ல கிராக்கி. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு காங்சூ, ஆற்றின் தலைவர். புலி அடித்தும் காய்ச்சலிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் கட்டிய மாநிலம் இது. இப்ராஹிமின் மகன் அபூ பக்கார் ஆட்சியில் நீ ஹெங் என்ற ஒரே சங்கத்துக்கு மட்டும் அனுமதி. அது தியோச்சூக்களின் சங்கம். ஆனால் மற்றவர்களையும் உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன் தலைவர் தான் ஹியோக் நீ. ஜொகூர் பாருவில் அவர் பெயரில் இன்று ஒரு தெரு இருக்கிறது. சிங்கப்பூரில் அவர் கட்டிய மாளிகை தேசிய நினைவுச்சின்னமாக இருக்கிறது. பழைய கோயிலை எழுப்பியவர் அவர்தான் என்பது வழக்கு. அங்குள்ள பலகையொன்று 1870ஆம் ஆண்டைச் சொல்கிறது. ஐந்து குழுவின் தெய்வங்களையும் ஒரு கூரையின் கீழ் உட்கார வைத்தது பக்தியா அரசியலா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். புத்தியுள்ள அரசியல் பக்தியின் உடையில் வருவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதன் பலனாக ஜொகூரில் ஒரு லாருட் நிகழவில்லை.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது, அவர்கள் ஐந்தையும் கலந்து ஒன்றாக்கவில்லை என்பது. ஐந்து குழுவும் தத்தம் தெய்வத்தை, பேச்சை, ஆட்டத்தை வைத்துக்கொண்டன. யாருக்குப் பின் யார் என்பதை மட்டும் முடிவுசெய்துவிட்டு அந்த முடிவைத் தலைமுறைகளாகக் காத்தன. ஒரு காலத்தில் சின்ன சுவாத்தாவ் என்று இந்த ஊர் பெயர் வாங்கும் அளவுக்குத் தியோச்சூக்கள் இங்கே நிறைந்திருந்தார்கள். அத்தனை செல்வாக்குள்ளவர்கள் தங்கள் தெய்வத்தைக் கடைசியில் கொண்டுவருகிறார்கள். மூலவருக்குரிய பெருமை அது என்பது உண்மை. ஆனால் அந்தப் பெருமைக்காக மற்ற நாலு பேரும் கடந்துபோகும்வரை பொறுத்து நிற்கவும் வேண்டியிருக்கிறது.

நம் ஊர்த் திருவிழாக்களிலும் இந்த அறிவு உண்டு. மண்டகப்படி என்பது அதுதானே. பத்து நாள் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தார் செலவு, அவர்கள் மரியாதை. பல ஊர்களில் எண்ணெய் வணிகர் ஒரு நாள், நெசவாளர் ஒரு நாள், ஊர்க்கணக்கர் ஒரு நாள் என்று பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் யாருக்கு மண்டகப்படியே இல்லை என்ற கேள்வியும் அதே முறையின் அடியில் கிடக்கிறது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேரின் வடத்தை நான்கு நாட்டார் மட்டுமே தொடலாமா, தலித் மக்களும் தொடலாமா என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. 2024இல்தான் மீண்டும் ஓடியது. வரிசையில் இடமில்லாதவனுக்கு அந்த வீதியும் சொந்தமில்லை. ஜாலான் துருஸ் கோயிலைப் பற்றி எழுதும்போது கண்டதேவியை நினைக்காமல் என்னால் எழுத முடியவில்லை. ஐந்து பல்லக்கையும் பார்த்து நான் அடையும் மகிழ்ச்சியில் அந்தக் கேள்வி கலந்தே இருக்கிறது.

சிங்கே ஓர் இரவில் முடிந்துவிடுவதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பதினெட்டாம் நாளே கோயிலில் விளக்கேற்றிவிடுவார்கள். பத்தொன்பதாம் நாள் வீதி கழுவும் சடங்கு. இருபதாம் நாள் காலையில் தெய்வங்கள் கோயிலை விட்டு ஜாலான் உலு ஆயர் மோலேக்கில் இருக்கும் தற்காலிக மண்டபத்துக்கு எழுந்தருளும். அங்கே அவர்களுக்காகக் கூத்து நடக்கும். இருபத்தோராம் நாள் இரவு ஊர்வலம். இருபத்திரண்டாம் நாள் கோயிலுக்குத் திரும்புதல். உற்சவர் மண்டபத்தில் தங்கி ஊர் சுற்றிவந்து மூலஸ்தானம் சேர்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வீதி கழுவுவதைப் படித்தபோது எனக்கு மணிமேகலையின் முதல் காதை நினைவுக்கு வந்தது. புகாரில் இந்திர விழா இருபத்தெட்டு நாள். முரசறைவோன் யானைமேல் முரசை ஏற்றி விழாவை ஊருக்கு அறிவிக்கிறான். தெருவில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்பச் சொல்கிறான். வாழையும் கமுகும் கட்டச் சொல்கிறான். சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறி முறையாக வாதிடலாம் என்கிறான். பிடிக்காதவர் எதிரே வந்தாலும் சினமும் பூசலும் இல்லாமல் விலகிப் போங்கள் என்கிறான். சாத்தனாரின் கூர்மை அந்தக் கடைசி ஆணையில் இருக்கிறது. எல்லோரும் ஒருவரையொருவர் நேசியுங்கள் என்று அவர் கேட்கவில்லை. இந்த இருபத்தெட்டு நாளும் சண்டை வேண்டாம், அவ்வளவுதான். ஒரு பெருநகரத்துத் தெருவுக்கு இதைவிட நடைமுறையான சட்டம் இருக்க முடியாது. பின்னால் சோழ மன்னன் கடலில் தொலைந்த மகனைத் தேடும் துயரத்தில் அந்த விழாவை நடத்த மறந்துபோகிறான். புகாரைக் கடல் கொள்கிறது. விழா நின்றால் ஊர் போய்விடும் என்று நம் முன்னோர் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் வெறும் புராணமாக எடுத்துக்கொள்வதில்லை.

காஸ்வேக்கு அப்பால், ஒரு கிலோமீட்டர் நீரிணைக்கு மறுகரையில், இதே பெயரில் இன்னொரு ஊர்வலம் நடக்கிறது. சிங்கப்பூரில் 1972இல் பட்டாசு தடைசெய்யப்பட்டது. புத்தாண்டு ஓசையிழந்து போனதற்கு ஈடாக, 1973இல் மக்கள் கழகம் சிங்கே அணிவகுப்பைத் தொடங்கியது. இன்று அது பல இனத்தாரும் பங்கேற்கும் பெரிய அலங்கார விழா; தமிழ் நடனக் குழுக்களும் ஆடுகின்றன. அதே 1973இலிருந்துதான் சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்குத் தடை நடைமுறையில் இருந்தது. குழுக்களுக்குள் அடிதடி என்று காரணம் சொல்லப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காவடி எடுத்தவர்கள் உருமியின் ஓசை இல்லாமல் நடந்தார்கள். 2016இல்தான் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு வழி திறந்தது. ஓர் அரசு, ஒரே ஆண்டில், ஓர் ஊர்வலத்தைப் பிறப்பித்து இன்னோர் ஊர்வலத்தின் வாயைக் கட்டியது. இரண்டும் நல்ல நோக்கத்தில் செய்யப்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் மேலிருந்து வரும் விழாவுக்கும் கோயில் வாசலிலிருந்து புறப்படும் விழாவுக்கும் உள்ள தூரம் எனக்கு இந்த ஒற்றை ஆண்டில் தெரிகிறது. ஜொகூர் சிங்கேயை நடத்துவது ஐந்து குழுக்களின் சங்கங்கள். பல்லக்குச் சுமப்பவன் தன் தோளைத் தானே கொடுக்கிறான்.

இனி நம்மைப் பற்றி.

ஜொகூர்த் தமிழர்களுக்கும் ஊர்வலங்கள் இருந்தன. நிறையவே இருந்தன. ஸ்கூடாய், உலு திராம், மாசாய், கூலாய், குளுவாங் வட்டாரங்களின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு மாரியம்மன், எல்லையில் ஒரு முனீஸ்வரர். ஆண்டுத் திருவிழா என்றால் பால்மரத் தோட்டமே விடுப்பு எடுத்தது போலிருக்கும். கரகம், தீமிதி, காமன் கூத்து, விடிய விடிய நாடகம், வெள்ளைத் துணி கட்டிப் படம். சம்பளத்தில் பிடித்த வரிப்பணத்தில் நடந்தவை அவை. அலங்கரித்த லாரியில் அம்மன் லயம் லயமாகப் போவாள். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் வருவார்கள். கல்யாணப் பேச்சுகள் அங்கேதான் தொடங்கும். எந்தக் கலை மன்றமும் வைக்காத திறந்தவெளிக் கலைவிழா அது. ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நடந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். சில கோயில்களுக்கு மாற்று நிலம் கிடைத்தது, சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. சிலையை எடுத்துப் போய் வேறிடத்தில் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. அம்மன் சுற்றிய பாதையை எடுத்துப் போக முடியவில்லை. முதல் லயத்தில் யார் தேங்காய் உடைப்பது, கிராணி வீட்டு வாசலில் எத்தனை நேரம் நிற்பது, பள்ளத்துக் கிணற்றடியில் ஏன் பம்பை உச்சத்துக்குப் போகும் என்பதெல்லாம் அந்தப் பாதையில் எழுதப்பட்டிருந்தன. பாதை அழிந்ததும் திருவிழா ஒரு மண்டப நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. ஒலிபெருக்கி கூடியது, விருந்து கூடியது. ஊர் சுற்றுவது குறைந்தது. நாம் இழந்ததில் மிகப் பெரியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். நிலமில்லாமல் உழைத்தவர்களுக்கு ஆண்டுக்கொரு முறையாவது நிலத்தின் மேல் இருந்த உரிமை அந்த ஊர்வலப் பாதை.

பழைய சீனக் கோயிலோ நகரத்தின் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் எழும்பின. அருகே செகெட் ஆற்றை மூடினார்கள், பிறகு திறந்தார்கள். 1990களில் கோயில் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் முகவரி மாறவில்லை. அதே ஜாலான் துருஸில் குருத்வாரா இருக்கிறது. சில நிமிட நடையில், ஜாலான் உங்கு புவானில் 1911இல் தோன்றிய இராஜமாரியம்மன் ஆலயம். கொஞ்சம் தள்ளித் தேவாலயம். பூக்கட்டும் தமிழ்ப் பெண்களின் கடைக்கும் ஊதுவத்தி விற்கும் சீனர் கடைக்கும் இடையே அதிக தூரமில்லை. பத்துமலையிலும் பினாங்கிலும் பால்குடமும் காவடியும் எடுக்கும் சீனர்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். சீனக் கோயில் வாசலில் நின்று ஊதுவத்தி கொளுத்திக் கும்பிடும் தமிழர்களும் உண்டு. தெய்வங்களுக்குள் இங்கே பெரிய தகராறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சிங்கே இரவில் நாம் பெரும்பாலும் ஓரத்தில் நின்று பார்ப்பவர்களாகவே இருக்கிறோம். பார்ப்பதும் ஒரு பங்கேற்புதான். பார்ப்பவர் இல்லாமல் உலா இல்லை. ஆனால் பார்த்துவிட்டு வந்தபின் மனத்தில் நிற்பது ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் முரசு.

இருபத்துநான்கு பருவ முரசு என்று அதைச் சொல்லலாம். அது சீனாவிலிருந்து வந்த பழங்கலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது ஜொகூர் பாருவில் 1988இல் பிறந்தது. தான் சாய் புவான் என்ற கவிஞரும் தான் ஹூய் சோங் என்ற இசையாசிரியரும் சேர்ந்து உருவாக்கினார்கள். முதலில் ஒன்பது முரசுகள். பிறகு சீன உழவர் நாட்காட்டியின் இருபத்துநான்கு பருவங்களுக்கு ஒன்றாக இருபத்துநான்கு முரசுகள். ஒவ்வொன்றின் உடலிலும் பருவத்தின் பெயர் தூரிகை எழுத்தில். பூச்சிகள் விழிக்கும் காலம், தானிய மழை, பெரும்பனி, கடுங்குளிர். ஜொகூரில் பனி பெய்ததே கிடையாது. ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே மழை. இருந்தும் வடசீனத்து உழவனின் ஆண்டு இங்குள்ள பதினாறு வயதுப் பிள்ளையின் கைகளில் அதிர்கிறது. குளிரில்லாத ஊரில் மார்கழி பாடுகிறவர்களுக்கு இது புரியும்.

அந்தக் கலை வேரூன்றிய இடம் 1913இல் தொடங்கப்பட்ட ஃபூன் யூ உயர்நிலைப்பள்ளி. அங்கேதான் முதல் குழு பயின்றது. அதன் பின் மலேசியா முழுதும் பள்ளிகளில் குழுக்கள் எழுந்தன. கடல் கடந்தும் போயின. 2009இல் நாட்டின் மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. புதிதாகப் பிறந்த ஒரு கலை இருபத்தோர் ஆண்டுகளில் மரபாக ஏற்கப்பட்டது. அதற்கு அடிப்படை ஒரு பள்ளித் திடலும் பாடவேளை முடிந்த பிறகும் தங்கிச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரும். கவிஞர் ஒருவர் கூட இருந்தது நல்லூழ்.

நம்மிடம் உருமி இருக்கிறது. தோட்டத் திருவிழாவின் பாதை அழிந்தபோது தப்பிப் பிழைத்துத் தாமானுக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான் என்றே சொல்லலாம். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற அந்தக் குரல், தமிழனல்லாதவனையும் ஒரு கணம் நிறுத்திவிடும். மலேசியாவின் உருமி மேளம் தமிழ்நாட்டு நையாண்டி மேளத்தின் நகலாக இல்லை. இந்த மண்ணின் இளைஞர்கள் அதைத் தங்களுக்கென்று வளர்த்தெடுத்திருக்கிறார்கள். தைப்பூசத்தன்று ஜொகூரில் பொது விடுமுறை. அன்று வீதியில் உருமி அடிக்கும் பையன்களின் முகத்தில் இருக்கும் தீவிரத்தை நான் எந்தச் சபாவிலும் கண்டதில்லை. ஆனால் அவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் பேசும்போது சத்தம், கும்பல், சண்டை என்ற சொற்கள்தான் முதலில் வருகின்றன. தடைபோடுவது பற்றி யோசிக்கும் அளவுக்குக் கற்பிப்பது பற்றி நாம் யோசித்ததில்லை.

ஜொகூரில் எழுபது அளவில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் போனபின் பழைய பாதையின் மிச்சம் என்று சொல்லத்தக்க பொது இடம் கோயிலுக்கு அடுத்தபடி அந்தப் பள்ளிகளின் திடல்தான். அங்கே வாரம் ஒரு மாலை உருமி கற்பிக்கப்பட வேண்டும். தாளங்களை எழுதிவைக்க வேண்டும். சாமி அழைப்புக்கு எது, காவடிக்கு எது, சாவுக்கு எது என்று இன்னும் தெரிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்க, பிள்ளைகள் பதிவுசெய்ய வேண்டும். எந்தத் தோல், எப்படி இழுத்துக் கட்டுவது என்று கருவி செய்யத் தெரிந்தவர்களை அழைத்து உட்கார வைக்க வேண்டும். பெண்பிள்ளைகள் அடிக்க வேண்டும். எந்தக் குழு முன்னே, எந்தக் குழு பின்னே என்பதை அவர்களே உட்கார்ந்து பேசி முடிவுசெய்து, அந்த முடிவை அடுத்த ஆண்டும் காக்கப் பழக வேண்டும். நம் குழுக்களுக்குள் அடிதடி வந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த வரிசை இல்லாமல்தான்.

ஜாலான் துருஸுக்கும் ஜாலான் உங்கு புவானுக்கும் இடையில் இருக்கும் தூரம் இருபது உருமிகளோடு நடந்தால் அரைமணி நேரம் பிடிக்கும். முதல் ஊர்வலத்துக்கு அது போதும்.